அந்திக்கு இறங்கும் சூடு

"அப்பா, அடிவாரத்துல இருந்து இம்புட்டு ஒசரம் ஏறி வர்றதுக்குள்ள கரண்டுக்கு மூச்சு வாங்காதா?" என்று கண்மணி ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. வத்தலக்குண்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலைச்சரிவில் கூடவே ஏறிவரும் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று கேட்டுவிட்டாள்.

"கரண்டு என்ன சுமை தூக்குற ஆளா, மூச்சு வாங்க?" என்று ஞானவேல் சிரித்தான். முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை வெட்கப்பட்டு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டது.

சிரித்ததில் குற்றமில்லை. குழந்தையின் கேள்வியை அத்தோடு விட்டதுதான் குற்றம்.

ஞானவேல் கொடைக்கானலில் வயர்மேன். பிறந்தது பழநி. மதுரையில் ஒரு காண்ட்ராக்டரிடம் நாலு வருஷம் கம்பி இழுத்துத் தொழில் கற்றவன். காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் நின்று கும்பிட்டு, நெற்றியில் நீறு இட்டுக்கொள்ளாமல் வேலைப்பையைத் தோளில் மாட்டமாட்டான். பொய் சொல்லமாட்டான், அதிகம் கேட்கமாட்டான் என்று ஊரில் பெயர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்ற இரண்டு கணக்கும் அவனுக்குத் தூக்கத்திலும் வரும். கணக்குத் தெரிந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, சேனாதிபதி அவனுக்கு ஆள் அனுப்பினார். பழநி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த சேனாதிபதி, வில்பட்டி போகும் பாதையில் இடம் வாங்கிக் கோழிப்பண்ணை போட்டிருந்தார். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க, கோழிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியைப் பட்டணத்திலிருந்து வரவழைத்திருந்தார். பீரோ உயரம். உள்ளே தட்டுத்தட்டாக முட்டைகள். அடியில் கரண்டில் காயும் சுருள்கம்பி. இருபத்தொரு நாள் நூறு டிகிரி பாரன்ஹீட் சூடு குறையாமல் இருந்தால் குஞ்சு வெளியே வரும். சூடு ஏறினால் கம்பி தானாக அணையும், இறங்கினால் தானாக எரியும்.

முதல் தடவை நூற்றைம்பது முட்டை வைத்து, பதினொரு குஞ்சுதான் வந்தது. இரண்டாம் தடவை வைத்து ஏழாவது நாள் நடந்துகொண்டிருந்தது.

"பகல் பூரா நான் இருக்கேன். நூறு டிகிரி நகர்றதில்ல" என்றான் வேலுமணி. அவன் சேனாதிபதியின் மச்சான், பண்ணைக்கு மேற்பார்வை. "அஞ்சு மணிக்கு அந்தப் பொம்பளை வர்றா. ஆறு, ஏழு மணிக்கு வந்து பாத்தா தெர்மாமீட்டர் தொண்ணூறுக்கு எறங்கிக் கெடக்கு. வெள்ளனே நான் வந்தா மறுபடியும் நூறு. இதுல என்னத்த யோசிக்கக் கெடக்கு?"

அந்தப் பொம்பளை சீனியம்மாள். பேத்துப்பாறைக்குக் கீழே காட்டோரம் குடியிருக்கும் பளியர் குடியைச் சேர்ந்தவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. விறகு கட்டி விற்றுக்கொண்டிருந்தவளை, சாயங்காலம் தொட்டுக் காலை வரைக்கும் பெட்டிக்குக் காவலிருக்கவும் முட்டைகளைத் திருப்பிவிடவும் சேனாதிபதி வைத்திருந்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெர்மாமீட்டரில் நூறு இருக்கும் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"கொட்டகையில தரையெல்லாம் ஈரம். பெட்டி மேல சாக்கு. என்னடின்னு கேட்டா முழிக்கிறா" என்றார் சேனாதிபதி. "குளுருக்குப் பெட்டிக் கதவைத் தொறந்து வச்சுக் குளிர் காயுறாளோ, சுவிட்சை அணைச்சுட்டுத் தூங்குறாளோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். நீ மிஷினைப் பாரு தம்பி. மிஷின் மேல தப்பில்லைன்னா மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஞானவேலிடம் சொந்தமாக வோல்ட்மீட்டர் உண்டு. ஆம்பியர் பார்க்கும் மீட்டர் கிடையாது. அதை மின்சார ஆபீஸ் ஸ்டோரில் இருந்த திருமலைச்சாமியிடம் இரவல் வாங்கி, ஐந்து மணிக்குள் திருப்பிவிட வேண்டும். அதனால் பகல் இரண்டு மணிக்கே அதைக் கம்பியில் கோத்துப் பார்த்தான். வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்பியர் சரியாக இரண்டு. வகுத்தால் நூற்றுப் பதினைந்து ஓம். பெருக்கினால் நானூற்று அறுபது வாட். பெட்டியோடு வந்த புத்தகத்தில், இப்படிப்பட்ட குளிர் ஊருக்கு முந்நூறு வாட் இருந்தால் சூடு நிற்கும் என்று போட்டிருந்தது. தாராளம்.

ஆம்பியர் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்ட்மீட்டரோடு மறுபடி போனான். முள் நூற்று அறுபத்தொன்றில் நின்றது. சீசன் நேரம். லாட்ஜுகளிலும் பங்களாக்களிலும் விளக்கும் ஹீட்டரும் ஒன்றாகப் போடும் வேளை. வோல்ட் இறங்குவது அவன் அறியாததல்ல. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நூற்று அறுபத்தொன்று பெருக்கல் இரண்டு என்று எழுதினான். முந்நூற்று இருபத்திரண்டு வந்தது.

வாசலில் நின்ற சீனியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சாமி, அந்தியானா லைட்டு மங்கி, பழுத்துப்போயி எரியுதுங்க. பெட்டியும் அப்பத்தான் குளுருதுங்க."

"லைட்டு வேற, இது வேற ஆத்தா. ஒனக்கு எதுக்கு அந்தச் சோலி?" என்றான் ஞானவேல், தலையைத் தூக்காமல்.

வெளியே வந்து சேனாதிபதியிடம் சொன்னான். "வோல்ட் கொறையுதுதாங்க. கொறைஞ்சும் முந்நூறு வாட்டுக்கு மேல நிக்கிது. மிஷின் மேல தப்பில்ல."

"அப்ப?"

ஞானவேல் வோல்ட்மீட்டரைப் பைக்குள் வைத்தான். "ஆள் கைதாங்க."

"நான் சொல்லலையா?" என்று வேலுமணி கொட்டகைக்குக் கேட்கும்படியே சொன்னான். "காட்டுல தேனெடுக்கிற கைக்கு மிஷினைக் கொடுத்தா என்னாகும்?"

கொட்டகைக்குள் முட்டைத் தட்டை இழுக்கும் சத்தம் நின்றது.

சேனாதிபதி கெட்டவர் அல்ல. ஆனால் சந்தேகம் என்பது அடுப்பில் வைத்த பால் போன்றது. கொஞ்சம் ஊதினால் அமரும். அங்கே ஊத ஆளில்லை, தீயைத் தள்ளத்தான் ஆளிருந்தது. "வெள்ளிக்கிழமை எல்லாரையும் வச்சுக் கேட்டுட்டு அவளை அனுப்பிடறேன். வில்பட்டித் தோட்டக்காரங்க காதுலயும் போட்டு வைக்கணும். நம்மளைக் கெடுத்தது மாதிரி இன்னொருத்தரைக் கெடுக்கப்படாது" என்றார். "ஆனா கையோட புடிச்சுக் காட்டணும் தம்பி. இல்லைன்னா அழுது சாதிச்சுருவா."

தோட்டக்காரர்கள் காதில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவளை ஒருவரும் களைவெட்டக்கூடக் கூப்பிடமாட்டார்கள். அது ஞானவேலுக்குத் தெரியும். தெரிந்தும், "புடிச்சுக் காட்டுறேன்" என்றான். கணக்கு அப்படிச் சொல்லும்போது மனசு குறுக்கே பேசக்கூடாது என்று நினைத்தான்.

வியாழக்கிழமை திருமலைச்சாமியிடம் போய், "வேலை முடியலைங்க, மீட்டர் காலையில தர்றேன்" என்று பாதி உண்மையைச் சொல்லி வாங்கிக்கொண்டான். கொட்டகைக்கு வெளிச்சுவரில் மெயின் சுவிட்ச் இருந்த மரப்பெட்டிக்குள், சுருள்கம்பிக்குப் போகும் லைனில் அதைக் கோத்து, வோல்ட்மீட்டரையும் பக்கத்தில் வைத்து மூடினான். உள்ளே சுவிட்சை யார் அணைத்தாலும் முள் பூஜ்யத்துக்கு விழும். அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆறு மணிக்குப் பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் குந்தினான்.

மஞ்சுமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாள் கொட்டகைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்படிப் பார்த்த பார்வையே அவனுக்குக் குற்றமாகத் தெரிந்தது. கொட்டகைக்குப் பின்புறம் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து புகை எழுந்தது. காவலை விட்டுவிட்டுச் சமைக்கிறாளா? பிறகு முந்தானைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போனாள். பெட்டிக் கதவின் கொண்டி கிரீச்சென்று திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மறுபடி வெளியே போனாள், மறுபடி முந்தானைக்குள் ஏதோ.

'மாட்டினாய் ஆத்தா' என்று எழுந்து, சுவரோரமாகப் போய் மரப்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தான்.

முள் பூஜ்யத்தில் இல்லை. இரண்டிலும் இல்லை. ஒன்று புள்ளி நான்கில் நின்றது.

அவனுக்கு முதலில் வந்தது கோபம். அரைகுறையாக அணைக்க வழியே கிடையாதே. ஏதாவது கம்பியைத் தளர்த்தி விட்டிருக்கிறாளா? பக்கத்திலிருந்த வோல்ட்மீட்டரைப் பார்த்தான். நூற்று அறுபத்தொன்று. கம்பி தளர்ந்திருந்தால் ஓம் கூடியிருக்க வேண்டும் என்று வகுத்துப் பார்த்தான். நூற்று அறுபத்தொன்றை ஒன்று புள்ளி நான்கால் வகுத்தால் நூற்றுப் பதினைந்து. பகலில் வந்த அதே நூற்றுப் பதினைந்து.

சுருள்கம்பியில் மாற்றமில்லை. ஒருவரும் அதைத் தொடவில்லை. கம்பி தரும் தடை அப்படியேதான் இருந்தது. தள்ளிவிடும் வோல்ட் இளைத்துப் போனதால், அதற்குள் ஓடும் ஆம்பியரும் கூடவே இளைத்திருந்தது. கண்மணி கேட்டது போலவே, கரண்டுக்கு மூச்சு வாங்கத்தான் செய்திருக்கிறது. அவனோ பகலில் ஓடிய இரண்டு ஆம்பியரை அந்தியிலும் ஓடுவதாக வைத்துக்கொண்டு, சாயங்கால வோல்ட்டோடு பெருக்கியிருந்தான். காலையில் ஒருவன் தூக்கிய மூட்டையைப் பார்த்துவிட்டு, அவன் பட்டினி கிடந்த அந்தியிலும் அதையே தூக்குவான் என்று எழுதிவைத்த மாதிரி.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சரியான கணக்கைப் போட்டான். நூற்று அறுபத்தொன்று பெருக்கல் ஒன்று புள்ளி நான்கு. இருநூற்று இருபத்தைந்து சொச்சம். முந்நூறு வேண்டிய இடத்தில் இருநூற்று இருபத்தைந்து. பகல் சூட்டில் பாதிகூட இல்லை.

பென்சிலைச் சட்டைப்பையில் செருகி, மரப்பெட்டியை மூடினான்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது சீனியம்மாள் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். அவனைக் கண்டதும் வெடுக்கென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் கையில் ஒரு பழைய ஸ்குவாஷ் பாட்டில். வாயைத் துணியால் அடைத்திருந்தது. ஆவி வந்தது. பெட்டியின் அடித்தட்டில் அதேபோல இன்னும் நாலைந்து பாட்டில்கள் துணி சுற்றிப் படுத்திருந்தன. பெட்டியைச் சுற்றிச் சாக்கு. சாக்குக்கு மேல், அவள் குளிருக்குப் போர்த்தி வரும் கம்பளி. அவளோ ஒற்றைச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"நான் எதையும் அணைக்கலைங்க சாமி. பழநியாண்டவர் மேல ஆணை."

"தெரியும் ஆத்தா" என்றான். அடித்தட்டுப் பாட்டில்களைக் கைகாட்டினான். "இது எத்தனை நாளா?"

"மொதத் தடவை வச்சப்போ கடைசி நாலு நாளுங்க. இந்தத் தடவை மொத நாள்ல இருந்தே. கோடு எறங்க எறங்க மனசு கேக்கலைங்க. உள்ளாற உசுரு கெடக்கே."

"இதைச் சொல்லியிருக்கலாமே?"

"ஒங்ககிட்டச் சொன்னேனுங்க. லைட்டு பழுக்குதுன்னு." அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் சுட்டது. "பெட்டியத் தொறந்தேன்னு சொன்னா, மேஸ்திரி அதுக்கும் ஏசுவாருங்க. அதான் ஆள் பாக்காம வச்சேன்."

வேலுமணியைத்தான் அவள் மேஸ்திரி என்றாள். ஞானவேல் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தான். தொண்ணூற்றாறு. அவள் பாட்டில் வைக்காமல் இருந்திருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்காது.

"வெந்நிக்கு வெறகு ஏது? மொதலாளி வெறகுக் கொட்டகையப் பூட்டித்தான வச்சிருக்காரு?"

"நம்ம வெறகுங்க. கட்டி விக்க வச்சிருந்தது. வரயில தலைச்சுமையா கொண்டாந்துருவேன்."

"அப்ப இத்தனை நாளா விக்கவே இல்லையா?"

"எங்கிட்டுங்க?" என்று முதல்முறையாகச் சிரித்தாள். "வீட்டு அடுப்புக்கே சுள்ளிதான் பொறக்குறேன்."

அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவளோடு சேர்ந்து, வோல்ட் ஏறும் மட்டும் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை சேனாதிபதி நாற்காலியைக் கொட்டகை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். கோழிகளுக்குத் தீவனம் வைக்கும் தீவனக்காரர்கள் இரண்டு பேர், வேலுமணி, ஓரமாகச் சீனியம்மாள்.

"சொல்லு தம்பி. என்ன கண்டே?"

"என் தப்பைத்தான் கண்டேங்க" என்றான் ஞானவேல்.

சேனாதிபதிக்கு விளங்கவில்லை. ஞானவேல் விளக்கினான். வேலுமணி சிரித்தான். "ஏலே, ஒரே நாள்ல கணக்கு மாறுமா? முந்தாநாள் முந்நூறுன்ன, இன்னைக்கு எரநூறுங்கிற. அவ என்ன வசியம் வச்சாளா?"

சேனாதிபதியின் கண்ணும் சுருங்கியது. "எனக்கும் அதான் தம்பி தோணுது. பாவம்னு பரிஞ்சு பேசுறியா?"

சந்தேகம் இப்போது தன் பக்கம் திரும்பியபோதுதான், அது எவ்வளவு குளிர் என்று ஞானவேலுக்குத் தெரிந்தது. அவன் மேல் விழுந்தது இரண்டு பார்வைதான். அவள் இதைத்தான் இத்தனை நாளாகச் சுமந்திருக்கிறாள்.

"நம்ப வேணாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த அம்மாவை உள்ள விடாதீங்க. நீங்களே பெட்டிகிட்ட ஒக்காருங்க. மீட்டர் முள்ளை நீங்களே பாருங்க. நான் சொன்னது பொய்யின்னா இனிமே இந்த மலையில நான் கம்பி தொடல."

சேனாதிபதி உட்கார்ந்தார். ஏழு மணிக்கு முன்பே விளக்கு சிவந்தது. ஆம்பியர் முள் ஒன்று புள்ளி நான்குக்கு வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. தெர்மாமீட்டர் நூறிலிருந்து தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று மூன்று என்று இறங்கியபோது, பெரியவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"அடப்பாவி, முட்டை கெட்டுப்போகும்டா! அந்தம்மாவக் கூப்பிடு. வெந்நி போடச் சொல்லு. வெரசா!"

அவர் வாயில் 'அந்தம்மா' என்று வந்ததை அவரே கவனிக்கவில்லை. வேலுமணி கவனித்தான். அவன்தான் போய்க் கூப்பிட்டான்.

தீவனக்காரர்கள் முன்னிலையில் ஞானவேல் சொன்னான். "என் கணக்குத் தப்பு. நான் தப்பாச் சொன்னதாலதான் இந்த அம்மா மேல பழி வந்துச்சு. என்னை மன்னிக்கணும் ஆத்தா." சேனாதிபதி மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த பூவை, கடவுள் படத்துக்கு வைத்த மிச்சத்தை, "வீட்டுச் சாமிக்கு வை" என்று அவள் பக்கம் நீட்டினார். தோட்டக்காரர்கள் காதில் அவர் எதையும் போடவில்லை.

சனிக்கிழமை ஞானவேல் அதே அளவில் இன்னொரு சுருள்கம்பி வாங்கி, முதல் கம்பிக்குப் பக்கத்தில் இணையாகக் கட்டினான். இரண்டு வழியில் ஓடும்போது தடை பாதியாகும். நூற்று அறுபத்தொன்று வோல்ட்டிலும் இரண்டு கம்பியுமாக நானூற்றைம்பது வாட் கிடைக்கும். பகலில் இரண்டாவது வேண்டாம். அதற்குத் தனிச் சுவிட்ச். அந்தச் சுவிட்சைப் போடும் பொறுப்பு யாருக்கு என்று வேலுமணி கேட்டபோது, "லைட்டு பழுக்கிறதை மொதல்ல பாத்தது யாரு? அவங்களே போடட்டும்" என்றான் ஞானவேல்.

கம்பிக்கும் சுவிட்சுக்கும் அவன் கூலி வாங்கவில்லை. ஆனால் மனசு இன்னும் கனத்தது. சபை நடுவே கேட்ட மன்னிப்பில் பாதி, கேட்டவனுக்கே பெருமையாகப் போய்விடுகிறது. நாலு பேர் அவனைத்தான் நல்லவன் என்றார்கள். அவள் எரித்த விறகை யாரும் பேசவில்லை. அவளிடமே ஒருநாள் கேட்டுப் பார்த்தான்.

"அதுக்கென்னங்க சாமி, வெறகு காட்டுல கெடக்கு" என்று சொல்லிவிட்டு முட்டையைத் திருப்பப் போய்விட்டாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை வேலைப்பையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு பேத்துப்பாறைக்குக் கீழே இறங்கினான். காய்ந்து விழுந்த கிளைகளைத் தேடி வெட்டினான். கம்பி இழுத்துப் பழகிய கைக்கு அரிவாள் புதிது. உள்ளங்கை இரண்டு இடத்தில் கொப்பளித்தது. விறகுக்கட்டைத் தலையில் தூக்கியபோது கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போலிருந்தது. நூறு அடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான். இந்தச் சுமையோடுதான் அவள் தினமும் மேலே ஏறி வந்திருக்கிறாள்.

சீனியம்மாளின் குடிசையை அவன் சேர்ந்தபோது ஐந்தரை மணி. அவள் வேலைக்குப் போயிருந்தாள். கதவில் ஒரு குச்சி செருகியிருந்தது. கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, விறகு அடுக்கும் இரண்டு கல்லுக்கு மேல் ஒன்றுமில்லை. மழைச்சாரல் படாத பக்கமாகப் பார்த்துக் கட்டைப் பிரித்து அடுக்கினான். முழங்கால் உயரம்கூட வரவில்லை. அவள் எரித்தது இதைப்போலப் பல கட்டு. இன்னும் எத்தனை ஞாயிறு வர வேண்டும் என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, யார் கண்ணிலும் படாதபடி ஒற்றையடிப் பாதையைத் தவிர்த்துக் காட்டுவழியாகவே மேலே ஏறிப் போனான்.